1990-இல் குவைத் தூதரகம் பாஸ்ராவுக்குப் போனது கைவிடலா? ஏர்வாடியிலிருந்து ஒரு கேள்வி

ஏர்வாடிப் பேரன்:

பெரியவர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் மச்சு அறையை ஒழுங்குபடுத்தியபோது, மறைந்த என் வாப்பாவின் தகரப்பெட்டியைத் திறக்க நேர்ந்தது. அதிலிருந்த இரண்டு பொருள்களைப் பற்றி இங்கே கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, என் பாட்டனார் 1946-இல் குவைத்திலிருந்து எழுதிய கடிதத்தின் உறை. பம்பாயில் எழுத்தராக இருந்த அவர், எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய அந்த ஆண்டில்தான் அங்கே போனார் என்று வீட்டில் சொல்வார்கள். உறையில் ஒட்டியிருப்பது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த நம் நாட்டு அஞ்சல்தலை; அதன்மேல் 'குவைத்' என்று தனியே அச்சேற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கடிதத்தில் நம் அஞ்சல்தலை எப்படி வந்தது?

இரண்டாவது, வாப்பா 1990-இல் ஊர் திரும்பக் காரணமாக இருந்த ஒற்றைத் தாள். அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ஈராக்கியப் படை நுழைந்ததும் முதலாளி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டார். அதனால் புகைப்படம் ஒட்டி, இந்தியத் தூதரக முத்திரை குத்திய அந்தத் தாளோடுதான் வாப்பா வந்து சேர்ந்தார். ஆனால் எங்கள் ஊரில் 1990 பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "நம் தூதரகம் சனங்களை விட்டுவிட்டு ஈராக்கிலுள்ள பாஸ்ராவுக்குப் போய்விட்டது" என்றே முடிக்கிறார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய ஆசிரியர், பாளையங்கோட்டை:

தம்பி, உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்கினால் இரண்டாவது கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கும். குவைத்தில் இந்தியாவின் பெயரால் நடந்த முதல் அலுவலகம் இந்தியர்களுக்காக ஏற்பட்டது அன்று. 1899-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஷேக் முபாரக்கும் பிரிட்டிஷாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிரிட்டிஷார் அனுமதியின்றி வேறு நாட்டுப் பிரதிநிதியை ஏற்பதில்லை, நிலத்தை விற்பதில்லை, குத்தகைக்கு விடுவதில்லை என்று ஷேக் ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக அவருக்குத் தரப்பட்ட தொகை 15,000 ரூபாய். பவுனிலோ துருக்கி லிராவிலோ தராமல் ரூபாயில் தந்ததைக் கவனியுங்கள். வளைகுடா அரசியலை அப்போது நடத்தியது இந்திய அரசாங்கம். பாரசீகக் கரையில் புஷையர் துறைமுகத்தில் இருந்த ரெசிடெண்ட் என்னும் தலைமைப் பிரதிநிதியின் கீழ் மற்ற இடங்களில் ஏஜெண்டுகள் இருந்தார்கள். குவைத்துக்கு முதல் பொலிட்டிகல் ஏஜெண்டாக நாக்ஸ் என்னும் அதிகாரி 1904-இல் வந்தார். அந்த ஏஜென்சி இயங்கிய பழைய கடலோர வீடு இன்றும் அங்கே நிற்கிறது. 1929-இல் ஏஜெண்டாக வந்த டிக்சனின் பெயரால் அதனை அழைக்கிறார்கள்.

நம் திருநெல்வேலிக் கலெக்டர் எந்த அரசாங்கத்துக்கு அடங்கியவரோ, அந்த அரசாங்கத்துக்கே குவைத் ஏஜெண்டும் கடிதம் எழுதினார் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அஞ்சலகமும் அப்படியே நம் துறையின் கிளையாக இருந்தது. 1923 முதல் நம் அஞ்சல்தலைகளில் 'குவைத்' என்று மேலச்சிட்டு விற்றார்கள். 1948-இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை பொறுப்பேற்றபோது இலண்டன் அஞ்சல்தலைகள் வந்தன. ஆனால் அவற்றின்மீதும் அணா, ரூபாய் மதிப்பையே அச்சடித்தார்கள். ஏனென்றால் கடைத்தெருவில் புழங்கியது ரூபாய்தான். ஆகவே உங்கள் பாட்டனாரின் உறை மிகச் சரியான உறை; ஈரம் படாமல் காப்பாற்றுங்கள்.

ரூபாயின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ரூபாய் நோட்டுகளை அங்கே கொடுத்துத் தங்கம் வாங்கிக் கடத்தி வருவது பெருகியதால், 1959-இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டுகளை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் குவைத் தன் தினாரை வெளியிட்டு, ஒரு தினாருக்குப் பதின்மூன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேலான கணக்கில் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 1961-இல், ஜூன் 19 அன்று, 1899 உடன்படிக்கையும் முடிவுக்கு வந்தது. அதுவரை இந்தியாவுக்கு அங்கே ஒரு வணிக ஆணையர் மட்டுமே இருந்தார். சுதந்திர குவைத்தோடு முதலில் தூதரக உறவு கொண்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இன்றுள்ள தூதரகத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குறுக்குக்கேள்வி:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் தம்பி கேட்டது 1990 பற்றி. ஈராக் தூதரகங்களை மூடச் சொன்னபோது அமெரிக்காவும் பிரிட்டனும் மூடவில்லையே? நாம் மட்டும் ஏன் சொன்னவுடன் கிளம்பினோம்?

மேலப்பாளையம் மூத்தவர்:

நான் அங்கே இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். குவைத்தின் சால்மியாவில் ஒரு தையல் கடையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, விடியும் முன்பே பீரங்கிச் சத்தம் கேட்டது. முதல் வாரம் நாங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன்பின் சாப்பாடுதான் பெரிய கவலையாயிற்று. குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒரே மதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் சேமிப்பு அந்த ஓர் அறிவிப்பில் கரைந்தது. வங்கிகளிலும் பணம் எடுக்க முடியவில்லை.

பாஸ்ராவுக்குப் போனார்கள் என்று இப்போது நிழலில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குவைத்திலிருந்து வெளியேற எங்களுக்கு எந்த வழி இருந்தது? விமான நிலையம் மூடிக் கிடந்தது, துறைமுகமும் இல்லை. சவூதி எல்லைப் பக்கம் படைகள் நின்றன. மிஞ்சியது ஒரே சாலை: குவைத், பாஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்தான் எல்லை, பிறகு அம்மான். பயணம் முழுவதும் ஈராக் வழியாக. ஆகவே சனங்கள் போகும் பாதையில்தான் அதிகாரிகள் இருந்தாக வேண்டியிருந்தது. குவைத் நகரில் இந்தியப் பள்ளிகள் நடத்தியவர்களும் வணிகர்களும் குழு அமைத்துப் பட்டியல் எடுத்தார்கள், பேருந்து பிடித்தார்கள், அரிசி பங்கிட்டார்கள்; அந்தப் புண்ணியம் அவர்களுக்குத்தான் சேரும், அதில் நான் தூதரகத்துக்குப் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் எல்லை கடக்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைக் குழு கொடுக்க முடியாது.

நாங்கள் செப்டம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டோம். ஜோர்தான் எல்லைக்கு அப்பால் ருவைஷித் பக்கம் கூடாரங்களில் ஆறு இரவுகள் கிடந்தோம். பகலில் மணல் காய்ச்சும், இரவில் குளிரும். எகிப்தியர், வங்காளதேசத்தவர், இலங்கைத் தமிழர், பிலிப்பினோக்கள் என்று எல்லா நாட்டுச் சனமும் தண்ணீர் லாரியைச் சுற்றி நின்றோம். அம்மானில் நம் தூதரகத்தார் எழுதிக் கொடுத்த வரிசை எண் வந்தபோதுதான் உயிர் திரும்பியது. அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய், பிறகு சென்னை, எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். சந்திப்பு நிலையத்தில் இறங்கியபோது என் கையில் இருந்தது ஒரு தைத்த பை மட்டுமே.

சட்டப்புத்தகம், வண்ணார்பேட்டை:

காக்கா அவர்கள் எழுதியதற்கு மேல் அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சட்ட நிலையை மட்டும் சேர்க்கிறேன். தூதரகம் என்றால் அந்த வளாகம் இந்திய மண் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியில்லை. வளாகம் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்நாட்டு நிலமே அது. 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு சொல்வது, தூதரின் இசைவின்றி உள்ளூர் அதிகாரிகள் அங்கே நுழையலாகாது, அதைக் காக்கும் கடமையும் உள்ளூர் அரசுக்கு உண்டு என்பதே. இரண்டாம் பிரிவின்படி தூதரக உறவே இரு அரசுகளின் இசைவால்தான் ஏற்படுகிறது. இசைவு தந்த அரசை இன்னொருவன் படையெடுத்துத் துரத்திவிட்டால், காவலுக்கு நிற்க வேண்டிய போலீஸ்காரர் யாருடைய போலீஸ்காரர்? 1990-இல் எழுந்த சிக்கல் அதுதான்.

குவைத் இனித் தன் பகுதி, ஆகவே அங்கே தூதரகங்களுக்கு இடமில்லை என்று சொல்லி, ஆகஸ்ட் 24-க்குள் மூடுமாறு ஈராக் கெடு விதித்தது. ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 9 அன்று, அந்த இணைப்பு செல்லாது என்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 662-ஆம் தீர்மானத்தில் அறிவித்திருந்தது. ஆகஸ்ட் 18-இன் 664-ஆம் தீர்மானம், அயல்நாட்டாரை வெளியேற விடுமாறும் தூதரகங்களை மூடச் சொன்ன ஆணையைத் திரும்பப் பெறுமாறும் கேட்டது. ஆக, சட்டப்படி அந்த ஆணைக்கு மதிப்பில்லை. குறுக்குக்கேள்வி அண்ணாச்சி சொல்வது போல அமெரிக்கத் தூதரும் பிரிட்டிஷ் தூதரும் வெளியேற மறுத்துத் தங்கினார்கள்; குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்ட நிலையில் டிசம்பர் வரை தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் நின்றது, இணைப்பை ஏற்கவில்லை என்று உலகுக்குக் காட்டுவதற்கு. இந்தியாவும் இணைப்பை ஏற்கவில்லை. ஆனால் அலுவலகத்தை பாஸ்ராவுக்கு மாற்றியது. பூட்டிய கட்டடத்துக்குள் தண்ணீரில்லாமல் அமர்ந்திருக்கும் அதிகாரியால் அயல்நாட்டுச் சாலையில் போகும் இலட்சக்கணக்கானோருக்கு என்ன செய்ய முடியும் என்பதே என் கேள்வி. இந்தியர்களின் எண்ணிக்கை 1,70,000 அளவில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

குறுக்குக்கேள்வி:

சட்டம் சொல்லும் நண்பரே, எண்ணிக்கை பெரியது என்பதே நான் கேட்பதற்கும் காரணம். செப்டம்பரிலும் ஆயிரக்கணக்கானோர் குவைத்துக்குள்ளேதான் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஓர் அதிகாரியாவது நகருக்குள் இருந்திருக்க வேண்டாமா? அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைத் தழுவிக்கொண்டதும் நாம் அறிந்ததே. அந்த நெருக்கத்தை வைத்து நகருக்குள் ஓர் அலுவலகத்துக்கு அனுமதி கேட்டிருக்கலாம்.

பழைய ஆசிரியர், பாளையங்கோட்டை:

கேட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடியிருக்கும், அண்ணாச்சி. ஈராக்கிடம் அனுமதி பெற்று குவைத்துக்குள் அலுவலகம் நடத்துவது, அந்த ஊருக்கு ஈராக்தான் அதிகாரி என்று நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். தழுவல் எனக்கும் பிடிக்கவில்லை; அதற்காக நெடுங்காலம் குஜ்ராலைக் குறை சொன்னார்கள். ஆனால் அந்தப் பயணத்தால் வெளியேறும் வழி திறந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 13-இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 விமானப் பயணங்கள் நடந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் வந்தார்கள். அமைச்சர் போகாமல் இது நடந்திருக்குமா என்று என்னால் அறுதியிட முடியவில்லை. நடந்திருக்காது என்பதே என் எண்ணம்.

உணவு பற்றி ஒரு செய்தி. ஆகஸ்ட் 6-ஆம் தேதிப் பொருளாதாரத் தடை வந்தபின் குவைத்துக்கு அரிசிக் கப்பல் அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. அப்போது இந்தியா பாதுகாப்பு அவையில் உறுப்பினராகவும் இல்லை. வெளியே நின்றுதான் வாதாட வேண்டியிருந்தது. மனிதாபிமான உதவியாக உணவு அனுப்பும் முறையை 666-ஆம் தீர்மானம் செப்டம்பர் 13 அன்று வகுத்தது. உள்ளே சிக்கியிருந்தோருக்காக நியூயார்க்கில் நடந்த வேலையும் தூதரக வேலைதான். ஊரில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

கடையநல்லூர் வாசகி:

எல்லோரும் வந்து சேர்ந்ததோடு நிறுத்திவிட்டீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் தூதரகம் என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. 1991-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையத்தை ஏற்படுத்தியது. ஈராக் எண்ணெய் விற்ற பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகும். தனி மனிதர் நேரடியாக ஜெனீவாவுக்கு எழுத முடியாது. அரசு வழியாகத்தான் மனு போக வேண்டும். குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்ததற்கான 'ஏ' வகை மனுவில் தனி ஆளுக்கு 2,500 டாலர். வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000 டாலர். குடும்பமாக இருந்தோருக்கு 5,000 அல்லது 8,000.

என் மாமா குடும்பம் வைத்திருந்த நகைகளையும் கடைச் சாமான்களையும் எண்ணிப் பார்த்து எந்த வகையில் கேட்பது என்று பத்து நாள் விவாதம் நடந்தது. கடைசியில் மாமிதான், "இரசீது இல்லாத நகைக்கு யார் காசு தருவார்கள்?" என்று கேட்டு 8,000-த்தில் முடித்துவைத்தார். அவர் சொன்னது சரியாயிற்று. படிவத்தில் எங்கள் முகவரி 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்துக்கு அதுதான் பெயர். இப்போது நாங்கள் தென்காசி மாவட்டம்! பணம் ஒரே தடவையாக வரவில்லை, தவணையாக வந்தது. ஆணையம் மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து முடித்தது 2022-இல்தான் என்று படித்தபோது மாமா இல்லை.

இதில் முக்கியமானது, வெளியேறியதற்குச் சான்று கேட்டார்கள் என்பதே. பாஸ்போர்ட்டில் ஜோர்தான் நுழைவு முத்திரை உள்ளவர்களுக்குச் சிரமமில்லை. ஏர்வாடித் தம்பியின் வாப்பாவிடம் இருந்தது போன்ற தாள் உள்ளவர்கள் அதைப் பொன்போல வைத்திருந்தார்கள்.

உவரிக்காரன்:

எங்கள் கடற்கரையிலிருந்து போகிறவர்களுக்குத் தூதரகம் இன்னும் தூரம். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி ஆட்கள் வளைகுடாவில் படகில் வேலை செய்கிறார்கள்; கரையேறும் நாள்களே குறைவு, தலைநகரம் எங்கோ இருக்கும். 2020-இல் ஈரானில் சிக்கியவர்களுக்காக ஜூன் மாதம் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு நம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா போனது, ஜூலை 1 அன்று 687 பேரோடு தூத்துக்குடிக்கு வந்தது. என் சித்தப்பா மகனும் அதில் வந்தான். தெஹ்ரானில் இருக்கும் தூதரகத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. பந்தர் அப்பாசில் நம் துணைத் தூதரகம் இருந்ததால் பட்டியலில் பெயர் ஏறியது. ஒரு நாட்டில் தூதரகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது, நம் ஆட்கள் நிற்கும் துறைமுகத்துக்கு அருகில் அலுவலகம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

சட்டப்புத்தகம், வண்ணார்பேட்டை:

உவரிக்காரர் சொன்னதுதான் இரண்டு வியன்னா உடன்படிக்கைகளுக்கும் உள்ள வேறுபாடு. 1961-ஆம் ஆண்டினது அரசுகளுக்கு இடையிலான தூது பற்றியது. 1963-ஆம் ஆண்டினது குடிமக்களுக்கான துணைத் தூதரகப் பணி பற்றியது. கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டு அலுவலகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது இதன் 36-ஆம் பிரிவு. அதிகாரி சிறைக்குச் சென்று பார்க்கலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். விடுவிக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் மனம் உடைகிறது.

குவைத்துக்கு ஆள் அனுப்பும் வீடுகளுக்கு ஒரு சொல். 18-ஆம் எண் விசா தனியார் நிறுவன வேலைக்கு, 20-ஆம் எண் வீட்டு வேலைக்கு. 20-இல் போய் வெளியே வேறு வேலை பார்த்தால், பிடிபடும்போது தூதரகத்தால் செய்யக்கூடியது பெரும்பாலும் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுப்பதுதான். 2018 பொதுமன்னிப்பின்போது அதற்காக நின்ற வரிசையைப் பலர் பார்த்திருப்பீர்கள். மரணம் நேர்ந்தால் தூதரகம் அதைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை இரத்து செய்து, உடலை அனுப்பத் தடையின்மைச் சான்று தரும். வசதியற்றோருக்குச் செலவை ஏற்க 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. 2024 ஜூன் மாதம் குவைத்தின் மங்காஃப் தீ விபத்தில் இறந்த 45 இந்தியர்களின் உடல்கள் இரண்டே நாளில் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. தனி ஆளாக ஒருவர் இறக்கும்போது அதே வேகம் இருப்பதில்லை என்பதையும் என்னிடம் வரும் குடும்பங்கள் வழியாக அறிவேன்.

குறுக்குக்கேள்வி:

பாஸ்ரா பற்றி என் கருத்தைப் பாதி மாற்றிக்கொள்கிறேன். பாதைக்கு அருகே இருந்தது சரி. நகருக்குள் ஒருவரும் இல்லாதது சரியென்று இன்னும் ஒப்பவில்லை. தம்பி, அந்தத் தாளில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது? அதைச் சொன்னால் நம் வாதத்துக்கு உதவும்.

ஏர்வாடிப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. உறையைப் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துவிட்டேன், ஆசிரியர் ஐயா.

தாளை நேற்று இரவு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அசோகச் சக்கரமும், மேல் வளைவில் இந்தியத் தூதரகம் என்ற ஆங்கில எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. கீழ் வளைவில் ஊர்ப்பெயர் வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது. தேதி தெரிகிறது: 1990 செப்டம்பர் 6. கெடு முடிந்து பதின்மூன்று நாள்களுக்குப் பின் எழுதியது. ஆகவே குவைத் கட்டடத்தில் எழுதியதாக இருக்க முடியாது. பாஸ்ராவா, பாக்தாத்தா, அம்மானா என்பது தெரியவில்லை. உம்மாவிடம் கேட்டேன். இழப்பீட்டு மனுவோடு இதன் நகலை இணைத்தபோது முத்திரை நன்றாகத்தான் இருந்தது, பிறகு ஒரு மழைக்காலத்தில் ஓட்டு வீடு ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது என்றார். அந்த ஓட்டை மாற்றித் தளம் போட்டதே இழப்பீட்டுப் பணத்தின் கடைசித் தவணையில்தானாம்.

மேலப்பாளையம் காக்கா அவர்கள் அதே வாரத்தில் அதே பாதையில் வந்திருக்கிறீர்கள். கையெழுத்தைப் பார்த்தால் எந்த அலுவலகத்தில் கொடுத்தது என்று உங்களுக்கு நினைவு வரக்கூடும். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாமா?

மேலப்பாளையம் மூத்தவர்:

வாருங்கள். என்னுடைய தாளும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.